பாதி வரி

‘லீவில் இருப்பவளைக் கூப்பிட்டுக் கத்துகிறாரே, இந்த மனுஷனுக்கு வெட்கமே கிடையாதா?’

மாவுக்கட்டு போட்ட மகளின் கால் அவள் மடியில் கனத்தது. போனில் மேலாளரின் குரல் அதைவிடக் கனத்தது.

“காலையிலேர்ந்து மூணு பேர் மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கோம்மா. ஃபயர்வால்ல ஒரே ஒரு வரி. போட்டா தப்பு, தப்புன்னு துப்புது!”

“நான் லீவு கேட்டப்ப என்ன சொன்னீங்க? ‘நீ இல்லாட்டி ஆபீஸ் ஒண்ணும் மூழ்கிடாது’ன்னீங்க.”

“அதெல்லாம் இப்ப எதுக்கு? வெளி ஆள் ஒருத்தர் நம்ம சர்வருக்குள்ள வந்து போயிட்டிருக்காங்க. அஞ்சு மணிக்குள்ள அடைச்சாகணும்.”

கோபத்தை விழுங்கினாள். எட்டு வருடம் கண்ணுக்குள் வைத்துக் காத்த சர்வர். லீவிலும் தினமும் வீட்டில் இந்த மேசைக் கணினியிலிருந்தே உள்ளே நுழைந்து ஒரு பார்வை பார்த்துவிடுவாள். தாய்க்கும் மகளுக்கும் சோறு போடுவது இந்த ஒரு வேலைதான்.

“வரியைப் படிங்க சார்.”

“போர்ட் இருபத்திரண்டு, தடு. அவ்வளவுதான்.”

“அதுக்கு முன்னாடி?”

“முன்னாடி இருக்கிறது உனக்கு எதுக்கு?”

“பாதி உடம்பைக் காட்டி வைத்தியம் கேட்டா எப்படி? முழு வரியையும் அனுப்புங்க. இல்லாட்டி ஆளை விடுங்க.”

மறுமுனையில் கிசுகிசுப்பு. பிறகு, “எல்லாம் வெறும் நம்பர்தானே, அனுப்பித் தொலைய்யா!” என்று அவர் யாரையோ அதட்டுவது கேட்டது.

கணினித் திரையில் வரி வந்தது. நுழைவாசலான போர்ட்டின் எண்ணைச் சொல்லுமுன் டிசிபியா, யுடிபியா என்று இணைப்பின் வகையைச் சொல்லியாக வேண்டும். அதைத்தான் விட்டிருந்தார்கள். ‘இதுகூடவா தெரியாது? மூணு பேராம், மூணு பேர்!’ பல்லைக் கடித்துக்கொண்டு விட்டதைச் சேர்த்தாள். அனுப்புமுன், எட்டு வருடப் பழக்கம், வரியை முதலிலிருந்து ஒருமுறை படித்தாள்.

விரல் நின்றது. சேர்த்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

“என்னம்மா, கண்டுபிடிச்சியா இல்லையா?”

“கண்டுபிடிச்சிட்டேன் சார்.”

“அப்புறம் என்ன? அனுப்பு!”

“மாட்டேன் சார்.”

குரலை அவள் உயர்த்தவேயில்லை. உள்ளே விடக்கூடாத அந்த வெளி ஆளின் முகவரியாக வரியின் தொடக்கத்தில் இருந்தது, அவள் வீட்டு இணைய இணைப்பின் எண்.