பனித்தகட்டின் பின்கள்

நாலு சக்கர பைக்கில் பனி தள்ளும் தகட்டை மாட்டும் இரண்டு இரும்பு பின்களும் மறுபடி தொலைந்தன. புதிதாக வாங்க, மகன் ரைனோவுடன் கடைக்கு வந்தாள் ஹில்மா.

"பின் கழண்டு விழாம கிளிப் மாட்ட மறந்திருப்பீங்கம்மா, வயசாச்சில்ல? வீட்டை வித்துட்டு டவுனுக்கு வந்துடுங்க" என்றான் ரைனோ.

"என் வாசல் பனியை நான் தள்ள முடியாமப் போற அன்னிக்குத்தான் வருவேன்."

கடைக்கார டேல் கிளிப் போடும் பின்களை எடுத்து வைத்தான்.

"இது வேணாம்ப்பா. சாவி போட்டுப் பூட்டுற பின் குடு."

டேல் சிரித்தான். "இந்தக் குளிர்ல எந்தத் திருடன் வரப்போறான்?"

"வந்துட்டானே! நேத்து இவன் கோட்டை வாங்கி ஆணியில மாட்டினேன். கோட்டுப் பாக்கெட்ல என் பின் ரெண்டும் கிடந்துச்சு."

ரைனோவின் முகம் வெளுத்தது.

ஹில்மா புதுச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்தாள். "அடுத்த தடவை ரம்பத்தோட வாடா!"