கொடியிலேயே காயட்டும்

"சீக்கிரம் பறிங்க. அவ வர்ற நேரமாச்சு," என்று பதறினாள் மனைவி.

கணவர் ஓர் அவரை நெற்றைக் காதருகே ஆட்டினார். உள்ளே விதைகள் கலகலத்தன. "நல்லா காஞ்சிருக்கு. அன்னிக்கே பச்சையா பறிச்சிருந்தா ஒண்ணுகூட முளைச்சிருக்காது."

"பெருமை அப்புறம். எங்கம்மா கொடுத்த விதை இது, வேற எங்கயும் கிடைக்காது. பையைப் பிடிங்க."

"நம்ம கையால நட்ட கொடிதானே, அவ என்ன சொல்லிடுவா?" என்றார். ஆனாலும் கேட் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

கேட் கிரீச்சிட்டது. உள்ளே வந்த இளம்பெண் இருவரையும் நிரம்பிய பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வந்தும்மா... வீட்டை உங்களுக்கு வித்தப்போ காய் முத்தலை. அதான், பின்பக்கச் சுவர் ஏறி..." என்று இழுத்தார் கணவர்.

அவள் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள்.

"போலீசுக்குத்தான் போன் பண்றா," என்று மனைவி முணுமுணுத்தாள்.

இளம்பெண் ஒரு ஸ்டூலோடு திரும்பி வந்தாள்.

"மேல இருக்கிறது உங்களுக்கு எட்டாது ஆன்ட்டி. நீங்க காய்ல அடையாளத்துக்குத் துணி கட்டி விட்டிருந்ததைப் பார்த்ததுமே விதைக்குன்னு புரிஞ்சுது. ஒண்ணைக்கூட நான் தொடலை. நீங்க வருவீங்கன்னு தினமும் கேட்டைப் பூட்டாமத்தான் போறேன். எதுக்கு சுவர் ஏறினீங்க?"