கத்திரி வெயிலில் ஹீட்டர்

டிரைவர் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தான்.

திருகு லேசில் திரும்பவில்லை. பதினொரு வருடமாக அதை யாரும் தொட்டதில்லை. வேலூரில், அதுவும் கத்திரி வெயிலில், காருக்குள் ஹீட்டர் போட எவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது?

போன வாரம் ரேடியேட்டர் ஹோஸ் மாற்றிய ஒர்க்‌ஷாப்காரனும் போடவில்லை. தண்ணீரை ஊற்றினான், மூடியை மாட்டினான், அனுப்பிவிட்டான். ஹீட்டரைத் திறந்துவிட்டால்தானே தண்ணீர்க் குழாய்க்குள் மாட்டிய காற்று வெளியே வரும்? அது அங்கேயே சட்டமாக உட்கார்ந்துகொண்டது. நேற்று நடுரோட்டில் இன்ஜின் கொதித்துவிட்டது.

பழி மட்டும் டிரைவர் தலையில்.

தண்ணீர் பார்க்காமல் ஓட்டிக் கெடுத்துவிட்டான், இன்ஜினையே கழற்றி இறக்க வேண்டும் என்று அதே ஒர்க்‌ஷாப்காரன் கூசாமல் சொன்னான். முதலாளியும் நம்பினார். காலையில் தெருவே வேடிக்கை பார்க்க, நாளையிலிருந்து வராதே என்றார்.

வண்டியைச் சரிசெய்து காட்ட ஒரு மணி நேர அவகாசம் கெஞ்சி வாங்கியிருந்தான்.

வேலை போனால் போகட்டும். தினமும் தண்ணீர் பார்த்த பிறகுதான் சாவியையே தொடுவான். அவனைப் பார்த்தா அந்தப் பேச்சு?

காற்று மேலே ஏறி வர வசதியாக முன் சக்கரங்கள் கேட் சரிவில் ஏறி நின்றன. ரேடியேட்டர் வாய் திறந்திருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

ஹோஸை அமுக்கினான்.

ஒன்றுமில்லை.

இன்னும் அழுத்தி அமுக்கினான்.

பெரிய குமிழி ஒன்று வந்து உடைந்தது. பின்னாலேயே பொடிப்பொடியாகக் கிளம்பி வந்தன. தண்ணீர் மளமளவென்று இறங்கியது. ஊற்றினான். மறுபடி குமிழி. மறுபடி ஊற்றினான்.

அதுவரை சும்மா ஊதிக்கொண்டிருந்த ஹீட்டர் அனலாக அடிக்கத் தொடங்கியது. வெந்நீர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

குமிழி அடியோடு நின்றது. மூடியை இறுக்கினான். சூடு காட்டும் முள் பாதியில் நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை.

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் முதலாளி வந்தார். காட்பாடியில் கிரகப்பிரவேசச் சாப்பாடு. குனிந்து முள்ளைப் பார்த்தார். பத்து நிமிடம் கழித்தும் பார்த்தார்.

போனை எடுத்தார். ஒர்க்‌ஷாப்காரனை நாலு கேள்வி கேட்கப் போகிறார் என்று அவன் நினைத்தான்.

"தம்பி, இன்ஜின இறக்க வேணாம்பா. வண்டி தானா சரியாயிடுச்சு."

தானாக.

அவன் சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு வியர்வை தேறும்.

முதலாளி பின் சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்டார். கிளம்பச் சொன்னார். நாளைக்கும் வந்துவிடச் சொன்னார். ஏசியைப் போடச் சொன்னார்.

காலையில் பேசிய பேச்சைப் பற்றி மூச்சு விடவில்லை.

அவன் நாலு கண்ணாடிகளையும் ஏற்றினான். ஹீட்டரை அணைக்க மட்டும் கையே போகவில்லை.

"உள்ள இன்னும் கொஞ்சம் காத்து இருக்குது சார். காட்பாடி வரைக்கும் இப்படியேதான் போவணும்."