கடலைமிட்டாயும் புது விஸ்டாவும்

கம்ப்யூட்டர் திரை மறுபடியும் சட்டென்று இருண்டது.

நடுவில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் வெளிச்சமாக நின்றது. இதைச் செய்யச் சொன்னது நீதானா, நீதான் என்றால் தொடரலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டது.

வேல்விழி ஆமாம் என்று அமுக்கினாள். ஒரே ஒரு தமிழ் எழுத்துரு ஏறியது. அடுத்ததற்குத் திரும்பவும் இருண்டது.

புது மெஷினை ஓட்டும் மென்பொருளுக்கு விஸ்டா என்று பெயர். பார்க்க லட்சணம்தான், ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. அவள் வேலை பார்க்கும் அச்சு பிரஸ்ஸில் இருந்த பழசு, சொன்னதைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும். இதுவோ புது மருமகள் மாதிரி, உப்பு எடுக்கட்டுமா, புளி எடுக்கட்டுமா என்று எதற்கெடுத்தாலும் வந்து நின்றது.

பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வடிவமைப்பது அவள் வேலை. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள் என்று முதலாளியே மெஷினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். அப்பாவைத் தனியே விட முடியாது என்பது அவருக்கும் தெரியும். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால்தான் வீட்டில் உலை ஏறும்.

அப்பா பெத்தணன், நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். தீபாவளி சீசனில் அங்கே நடந்த விபத்தில் அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீர் குடிக்க மருந்து ரூமை விட்டு வெளியே வந்திருந்தார். குலசாமி காப்பாற்றிவிட்டது என்று ஊரே சொன்னது.

அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். குளிக்கச் சொன்னால் குளிப்பார். தட்டை வைத்தால் சாப்பிடுவார். வாயைத் திறந்து ஒன்று கேட்டதில்லை. தையும் பிறந்துவிட்டது.

ஒருநாள் அவராகவே திரும்பி வருவார், அதுவரை தொந்தரவு பண்ணாதீர்கள் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒருநாளுக்காகத்தான் அம்மாவும் மகளும் காத்துக் கிடந்தார்கள்.

இன்று மத்தியானம் அவராக எழுந்து அடுப்படிக்குப் போனார்.

வேல்விழி மவுசிலிருந்து கையை எடுக்காமல் பார்த்தாள். அடுப்பைப் பற்றவைக்கும் முன் முன்கதவையும் பின்கதவையும் திறந்து வைத்தார். வழியில் கிடந்த வாளியையும் செருப்பையும் ஓரமாக ஒதுக்கினார். கம்பெனியில் ஓடுவதற்கு வழி விட்டுத்தான் வேலைக்கு உட்காருவார்கள்.

வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி அடுப்பில் ஏற்றினார். மருந்துக்குப் பக்கத்தில் இரும்பு உரசினால் பொறி பறக்கும்; இங்கேயும் இரும்புக் கரண்டியைத் தொடவே இல்லை. மர அகப்பையைத் தேடி எடுத்து, சட்டியில் உரசாமல், மெல்லக் கிண்டினார்.

பாகு கொதித்தது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டினார். அந்த உருண்டையைத் தட்டில் போட்டு, டங்கென்று சத்தம் வருகிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள். அவர் போடவில்லை. வாயில் வைத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறினார்.

வீடெல்லாம் வெல்ல வாசனை.

சந்தோஷப்பட வேண்டும் என்று வேல்விழிக்குத் தெரிந்தது. சந்தோஷம்தான் வரவில்லை. இத்தனை மாதம் காத்திருந்ததில் மனசு மரத்துப்போயிருந்தது. சாயங்காலம் சொன்னால் அம்மா அழுதுவிடுவாள் என்று மட்டும் நினைத்தாள்.

திரை இருண்டது.

அப்பா அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். என்னம்மா கேட்கிறது அது என்றார்.

அவள் சொன்னாள்.

யாரும் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்யும் என்று கேட்டார். ஒன்றும் செய்யாது, அப்படியே நிற்கும் என்றாள். அவர் அந்தச் சின்னப் பெட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டுட்டுச் செய்யுது. நல்ல மெஷினு.”

காலையிலிருந்து அதைத் திட்டிக்கொண்டிருந்தது அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. அப்பா வந்துவிட்டார். இப்போதுதான் அது அவளுக்குள் மெதுவாக இறங்கியது. எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட இருந்தது.

அவர் அடுப்படிக்குத் திரும்பிப் போய், சூடு ஆறும் முன்னே கத்தியில் எண்ணெய் தடவித் துண்டு போட ஆரம்பித்தார். பெரிய தட்டு நிறைய இருந்தது. வீட்டில் இருப்பது மூன்று பேர். யாருக்கப்பா இவ்வளவு என்று கேட்டாள்.

“நம்ம ரூம் ஆளுகளுக்குத்தான். கோட்டைச்சாமிக்குப் பல்லு போயிருச்சு, இளசாப் பார்த்து வச்சிருக்கேன். வள்ளித்தாய்க்கு ஓரம் முறுகுனது. வெள்ளைத்துரைக்கு ரெண்டு, இல்லாட்டிக் கோவிச்சுக்கிருவான். நாளைக்குக் கம்பெனி வேன்ல வச்சுக் குடுத்திரலாம், தாயி.”

முகத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. துண்டுகளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காகிதத்தில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு முந்தின வாரம், அந்தப் பெயர்களைக் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் போட்டவள் வேல்விழிதான். எல்லாருக்கும் சேர்த்து ஒரே போஸ்டர். வள்ளித்தாய்க்குப் படம் கிடைக்காமல், அவர் பெயருக்கு மேல் ஒரு குத்துவிளக்கை வைத்தாள்.

அப்பா கடைசிப் பொட்டலத்தையும் மடித்து முடித்தார்.

“எறும்பு ஏறிரும்ப்பா” என்றாள். “மூடி வைங்க.”