ஹாலுக்கா, குளியலறைக்கா?

கடையில் அப்போது இருந்தவர்கள் நான்கு பேர்: மாமனார், மருமகள், கடைக்காரர், வேவு பார்க்க வந்ததுபோல் எதிர்வீட்டுக்காரி.

"ரூம் ஹீட்டர் ஒண்ணுதான் வாங்க முடியும். ஹாலுக்கே வாங்கலாம் மாமா. அங்க படுத்து விடிய விடிய இருமுறீங்க," என்றாள் மருமகள்.

"குளியலறைக்குத்தான். சுவத்துல உயரமா மாட்டுறது, தண்ணி தெறிச்சாலும் ஷாக் அடிக்காதது," என்றார் மாமனார்.

"பெரியவரை ஹால்ல தள்ளினதுமில்லாம கரிசனம் வேறயா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

மருமகளின் கண் கலங்கியது. மாமனாருக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் வீட்டு விஷயத்தைக் கடையில் அவிழ்க்க அவர் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "பில் போடுங்க," என்றார்.

மருமகள் அவரை அறையைவிட்டு விரட்டினாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. அது பொய். பக்கவாதத்தில் விழுந்த மருமகளின் தாய்க்குத் தன் அறையைக் கொடுத்தவர் அவரேதான். குளிப்பாட்டும்போது குளிரில் நடுங்குபவரும் அந்த அம்மாள்தான்.