பிறந்தநாள் கேசட்

யாரும் அழித்துவிடக் கூடாதென்று அந்த வீடியோ கேசட்டின் பின்பக்கப் பிளாஸ்டிக் துண்டை அப்பா உடைத்து வைத்திருந்தார். பதினான்கு வயதில் அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டி, அம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாள் பதிவின்மேல் டிவியில் வந்த ஹோல்மென்கொல்லன் பனிச்சறுக்குப் போட்டியைப் பதிவு செய்தேன். அந்தக் கோடையில் அம்மா இறந்துபோனாள். கேசட் தொலைந்துவிட்டதென்று எல்லோரிடமும் சொன்னேன்.

நேற்று அக்கா இங்குன் அதைப் பரணிலிருந்து எடுத்து வந்தாள். கணினியில் ஏற்றினோம். மூன்று மணி நேரம் வெறும் பனிச்சறுக்குதான்.

“தொலஞ்சுபோச்சுன்னியேடா, தெர்யே” என்றாள் அக்கா. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டி முடிந்தது. எங்கள் பழைய சமையலறை வந்தது. மெழுகுவத்திகள் கேக்வரை உருகியிருந்தன. கையில் கத்தியோடு அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“முடிஞ்சுதா தெர்யே? இப்பவாவது வெட்டட்டுமா?”