மயில் சிமிழின் காலடி

மேசைமேல் ஒரு மயில் சிமிழ் இருந்தது. குங்குமம் வைக்கிற சின்னச் சிமிழ்தான், ஆனால் மிதப்புக்குக் குறைச்சல் இல்லை. இன்றைக்கு அதைப் பார்த்துப் பார்த்துப் பூங்கோதை வாட்டர்கலரில் படம் வரைந்துகொண்டிருந்தாள். கேட்க வேண்டுமா!

"தள்ளி நில்லப்பா," என்றது சிமிழ், பிரஷ் கழுவுகிற கண்ணாடித் தம்ளரிடம். "உன் சாக்கடைத் தண்ணி என் படத்துல பட்டுடப் போகுது."

தம்ளர் பாவம், கலங்கிக் கிடந்தது.

நீலம், பச்சை, பொன்மஞ்சள் எல்லாம் அச்சாக விழுந்தன. ஆனாலும் படத்து மயில் நூலறுந்த பட்டம் மாதிரி காகிதத்தில் மிதந்தது.

"எங்கேயோ உதைக்குதே," என்று பூங்கோதை அதைக் கிழிக்கப் போனாள். சிமிழுக்கு உயிரே போய்விட்டது.

என்ன நினைத்தாளோ, பிரஷை அந்தக் கலங்கல் தண்ணீரில் முக்கி, மயிலின் அடியில் சாம்பலாக ஓர் இழுப்பு இழுத்தாள். அவ்வளவுதான். மயில் ஜம்மென்று காகிதத்தில் உட்கார்ந்துவிட்டது!

சிமிழ் முதல் தடவையாகத் தன் காலடியைக் குனிந்து பார்த்தது. அங்கேயும் அதே சாம்பல் நிழல் சத்தமில்லாமல் படுத்திருந்தது.

"இது எப்பலேருந்து இங்கே இருக்கு?" என்று மெல்லக் கேட்டது.

"உன்மேல வெளிச்சம் விழுந்த நாள்லேருந்து," என்றது தம்ளர்.